முந்தைய நாள் மாலையே சொல்லிவிடுங்கள்

தாம்பரம், தென்சென்னைப் புறநகர்ப் பல்கலைக்கழக, கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும் பதிவாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும்,

ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையிலும், ஓ.எம்.ஆரிலும், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளிலும் கல்வி நிறுவனங்களை நடத்துகிற உங்கள் அனைவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் முடிச்சூரில் குடியிருக்கிறவள். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பள்ளியில். ஆடிக் காற்று மண்ணை வாரி இறைக்கிற இந்த நாளில் மழையைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. நவம்பரில் எழுதினால் இதைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. இந்தக் கல்வியாண்டின் நாட்காட்டி இப்போதுதான் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். வேலைநாள், உள்மதிப்பீட்டுத் தேர்வு, செமஸ்டர் தேர்வு, கலைவிழா, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் அதில் தேதி இருக்கிறது. மழைக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

மழைக்கால விடியற்காலையில் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கல்லூரிப் பேருந்து ஆறு மணிக்கு முன்பே நிறுத்தத்துக்கு வந்துவிடும். அதற்காக நாலரைக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறோம். வெளியே கொட்டுகிறது. தொலைக்காட்சியின் கீழே ஓடும் எழுத்துகளில் ஒரு கண், கைபேசியில் ஒரு கண். வாட்ஸ்அப் குழுவில் யாரோ விடுமுறை என்று ஓர் அறிவிப்பை அனுப்புகிறார்கள்; அது போன வருடத்தியது என்று இன்னொருவர் சொல்கிறார். உங்கள் கல்லூரியின் இணையதளத்தில் ஒன்றும் இல்லை. அலுவலக எண்ணை அந்த நேரத்தில் எடுக்க ஆள் இல்லை. பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பேருந்தில் ஏறுகிறது. ஆறரைக்கோ ஏழுக்கோ மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வருகிறது. அப்போது பேருந்து பெருங்களத்தூரைத் தாண்டியிருக்கும். திரும்பி வருவதற்குள் இரும்புலியூரில் தண்ணீர் ஏறியிருக்கும்.

சில நாள் அந்த அறிவிப்பிலும் ‘பள்ளிகளுக்கு மட்டும்’ என்று இருக்கும். ஒரே வீட்டில், ஒரே தெருவில், ஒரே வெள்ளத்தில் பதினைந்து வயதுப் பையன் வீட்டில் இருக்கலாம். பத்தொன்பது வயதுப் பெண் போயாக வேண்டும். தெருவில் இருப்பது இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்தான். மூடி இல்லாத மழைநீர்க் கால்வாய் வயதைப் பார்ப்பதில்லை. அறுந்து கிடக்கும் மின்கம்பியும் பார்ப்பதில்லை. ஆட்சியர் கல்லூரிகளைக் குறிப்பிடவில்லை என்றால், அவற்றைத் திறந்தே தீரவேண்டும் என்று அவர் உத்தரவிட்டதாகப் பொருள் இல்லை. திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பு அப்போது உங்கள் கைக்கு வருகிறது. அதை நீங்கள் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் முதல் மனக்குறை.

ஆட்சியர் அறிவிப்பையே நம்பியிருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவருடைய அதிகாரம் ஒரு மாவட்டத்துக்குத்தான். உங்கள் மாணவர்களோ பல மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. முடிச்சூர் அந்த மாவட்டத்தில் இருக்கிறது. அதை அடுத்துள்ள வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். கொஞ்ச தூரம் ரயிலில் போனால் சென்னை மாவட்டம் வந்துவிடுகிறது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் கிண்டியில் படிக்கிறார்கள். அம்பத்தூர், திருவள்ளூர்ப் பிள்ளைகள் வண்டலூருக்கும் காட்டாங்குளத்தூருக்கும் வருகிறார்கள். செங்கல்பட்டில் விடுமுறை, சென்னையில் இல்லை என்று ஒரு நாள் வந்தால், கிண்டிக்குப் போகவேண்டிய முடிச்சூர்ப் பெண் என்ன செய்வாள்? எங்கள் மாவட்டத்தில் விடுமுறை என்று துறைத்தலைவரிடம் சொன்னதற்கு, கல்லூரி இருக்கும் மாவட்டத்தில் இல்லையே என்ற பதிலும் வருகைப்பதிவேட்டில் ஓர் ‘ஆப்சென்ட்’டும் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வகுப்பறை இருக்கும் இடத்தை வைத்து முடிவெடுக்கிறீர்கள். ஆபத்து இருப்பது பிள்ளை நடந்து வருகிற வழியில்.

தண்ணீர் எங்கள் பகுதிக்கு வருகிற விதத்தையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வளாகத்தில் நின்று வானத்தைப் பார்த்தால் அது தெரியாது. வளாகங்கள் பலவும் மேட்டு நிலத்தில் இருக்கின்றன, நல்ல வடிகால் இருக்கிறது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வெள்ளம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடையாற்றைத் தேடி எங்கள் தெருக்கள் வழியாகத்தான் போகும். செம்பரம்பாக்கத்தில் மதகு இருக்கிறது. திறப்பதற்கு முன் எச்சரிக்கை தருவார்கள். கலங்கல் அப்படியில்லை, ஏரி நிரம்பினால் தானே வழியும். இரவெல்லாம் கொட்டிவிட்டுக் காலையில் வெயில் அடிக்கும். உங்கள் வளாகத்தில் தரை காய்ந்திருக்கும். எங்கள் தெருவில் அப்போதுதான் தண்ணீர் ஏறத் தொடங்கும். கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிப் போகிற வழியிலும் இதே கதைதான். மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கிறது. ‘மழை நின்றுவிட்டது, நாளை கல்லூரி உண்டு’ என்று நீங்கள் அறிவிக்கிறபோது, எங்களில் பலர் வீட்டு வாசலில் இறங்க முடியாமல் மொட்டைமாடியில் இருப்போம்.

2015 வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். நவம்பர் நடுவிலேயே முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் படகில் வந்து ஆட்களை மீட்டார்கள். அந்தத் தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் டிசம்பர் 1 வந்தது. 2ஆம் தேதி காலை எட்டரை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. விமான நிலைய ஓடுபாதை தண்ணீருக்குள் போய் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் சேற்றில் ஊறிப்போனதால் மாற்றுச் சான்றிதழ் தர அரசே சிறப்பு முகாம் நடத்தியது. தேர்வுகளைப் பல்கலைக்கழகங்கள் தள்ளிவைத்தன. பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. யாருக்கும் வாழ்க்கை நின்றுவிடவில்லை. அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் வந்தது. அது தண்ணீரால் அடிக்கவில்லை, காற்றால் அடித்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்கா வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. தாம்பரம் முழுக்கச் சாலையில் மரங்கள் குறுக்கே விழுந்தன. மரங்கள் அடர்ந்த வளாகங்கள் இந்தப் பகுதியின் பெருமை; காற்று எச்சரிக்கை வருகிற நாளில் அதே மரங்களுக்கு அடியில் நூற்றுக்கணக்கான இருசக்கர வண்டிகளும் பிள்ளைகளும் நிற்கக் கூடாது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல். புறநகர் ரயில் ஓடவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. மின்சாரம் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் வரவில்லை. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல். அன்று மதியம் விமான நிலையத்தை மூடினார்கள். கரையைக் கடந்த பிறகும் அது நகராமல் நின்று, மயிலத்தில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அதன் பாதை சற்று மாறியிருந்தால் அந்த 51 சென்டிமீட்டரும் நம்முடைய ஏரிகளில் விழுந்திருக்கும்.

தேதிகளைப் பாருங்கள். டிசம்பர் 1, டிசம்பர் 12, டிசம்பர் 4, நவம்பர் 30. உங்கள் செமஸ்டர் தேர்வு அட்டவணையையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. அதில் புயல் வாய்ப்பு அதிகமுள்ள வாரங்களில்தான் ஆண்டுதோறும் தேர்வு வைக்கிறீர்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம் பாட்டிகள் சொல்லிவைத்த கணக்குத்தான் இது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத இயற்கைச் சீற்றத்தால் தேர்வு ஒத்திவைக்கப்படுவதாக அறிவிக்கிறீர்கள். எதிர்பார்க்க முடிந்தது இது. நாட்காட்டி போடும்போதே எதிர்பார்த்திருக்க முடியும்.

தேர்வு ஒத்திவைப்பு அறிவிப்பு எப்போது வருகிறது என்பது இன்னும் வேதனையானது. காலை பத்து மணித் தேர்வுக்கு ஏழரைக்கு அறிவிப்பு. அதற்குள் கூடுவாஞ்சேரியிலிருந்து கிளம்பிய பிள்ளை தாம்பரம் நடைமேடையில் நிற்கிறது. அதைவிட மோசம், அறிவிப்பே வராத நாள். தண்ணீரில் நடந்து போனால் தேர்வு எழுதலாம், போகாவிட்டால் ‘அரியர்’. ஒரு தாளுக்கு அரியர் விழுந்தால் வளாக நேர்காணலில் உட்கார விடாத நிறுவனங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அதனால் வராமல் இருக்க மாட்டார்கள். சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் இருந்தாலும் இறங்கிவிடுவார்கள். அந்த ஆபத்துக்குள் அவர்களைத் தள்ளியது அவர்களுடைய இளமைத் துணிச்சல் இல்லை, உங்கள் விதிமுறை.

வருகைப்பதிவு விஷயமும் இப்படித்தான். 75 விழுக்காடு வேண்டும் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. வகுப்புக்குப் போகவேண்டும் என்று நினைக்கிற தாய்தான் நான். ஆனால் வெள்ளத்தில் சிக்கி வராத நாளையும் திரைப்படத்துக்குப் போய் வராத நாளையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண், வீட்டின் கீழ்த்தளம் முழுகி உறவினர் வீட்டில் தங்கியிருந்தவள், வருகை குறைந்ததற்காகக் கண்டோனேஷன் கட்டணம் கட்டினாள். நனைந்து மை பரவிப்போன ரெக்கார்டு நோட்டை முதலிலிருந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் உங்கள் கல்லூரியில் இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று நீங்கள் உறுதி சொல்ல முடியுமா? சொல்ல முடியும் என்றால் அதை எழுதி வெளியிடுங்கள்.

உங்கள் தரப்பையும் நான் யோசிக்காமல் இல்லை. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள் காட்டியாக வேண்டும். பாடம் முடிய வேண்டும். ஒரு வாரம் மூடினால் ஆய்வக வகுப்புகள் தலைகீழாகிவிடும். எல்லாம் உண்மை. அதனால்தான் ஜூலையிலேயே சொல்கிறேன். நாட்காட்டி போடும்போதே அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஐந்தாறு நாளை மழைக்கென்று ஒதுக்கி வைத்தால், பிறகு சனிக்கிழமை சனிக்கிழமையாக வரச்சொல்லி ஈடுகட்ட வேண்டியதில்லை. மழை வராத ஆண்டில் அந்த நாள்களைத் திருப்புதலுக்குப் பயன்படுத்துங்கள். தேர்வு அட்டவணையில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மாற்றுத் தேதியை முதலிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். புயல் வந்த பிறகு தேதி தேடுவதைவிட இது எவ்வளவோ எளிது.

ஆன்லைன் வகுப்பு நடத்திவிடலாமே என்று சொல்வீர்கள். கொரோனா காலத்தில் கற்றுக்கொண்டது அது. மூடுபனி நாளுக்கோ வெயில் நாளுக்கோ அது பொருந்தலாம். புயலுக்கு முதலில் போவது மின்சாரம். அடுத்து கைபேசிக் கோபுரம். மிக்ஜாமின்போது எங்கள் பகுதியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று ஆடையும் ஆவணமும் அரிசியும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். மடிக்கணினியைத் திறந்து வகுப்பில் உட்காரும் நிலையில் எந்த வீடும் இல்லை. ஆன்லைன் வகுப்பு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு வருகைப்பதிவு எடுக்காதீர்கள், பதிவு செய்து பிறகு பார்க்கக் கொடுங்கள்.

மழை பொய்த்துவிட்டால் வீண் விடுமுறை ஆகிவிடுமே என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது. 2024 அக்டோபர் நடுவில் நடந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்வீர்கள். சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள், பள்ளி கல்லூரிகளை மூடினார்கள், 16ஆம் தேதி சென்னையில் பயந்த அளவுக்கு மழை இல்லை. அப்போது வானிலை ஆய்வு மையத்தைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். நான் அவர்களோடு சேர மாட்டேன். வேளச்சேரி மக்கள் அந்த மழைக்கு முன்பே தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள், நினைவிருக்கிறதா? முந்தைய ஆண்டு மிக்ஜாமில் பட்டவர்கள் அவர்கள். பெருமழை வராதபோது காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். காருக்கே அந்த முன்யோசனை இருக்கிற ஊரில், பிள்ளைகளுக்கு ஒரு நாள் வகுப்பு போனால் பெரிய நஷ்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

முன்னறிவிப்பு தெளிவாகத்தான் வருகிறது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக, அடுத்தடுத்த நாள்களுக்குச் சேர்த்தே எச்சரிக்கை தருகிறது. 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை என்று அளவும் சொல்லியிருக்கிறார்கள். புயல் என்றால் பல நாள் முன்பே அதன் பாதை வரைபடத்தில் வந்துவிடுகிறது. முந்தைய நாள் மாலைக்குள் முடிவெடுக்கத் தேவையான தகவல் உங்கள் கையில் இருக்கிறது. அறிவியலும் பொறியியலும் கற்பிக்கிறவர்கள் நீங்கள். பேரிடர் மேலாண்மையைப் பாடமாக வைத்திருப்பவர்களும் உங்களில் உண்டு. அந்தப் பாடம் சொல்வதை உங்கள் சொந்த அலுவலகத்தில் செய்து காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதிகளிலும் இருக்கும் பல்கலைக்கழகங்கள் பலவும் பனிப்புயலுக்கென்று எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்கின்றன. முடிவெடுப்பவர் யார், காலை எத்தனை மணிக்குள் அறிவிக்க வேண்டும், மாலை வகுப்புகளுக்கு எப்போது, தேர்வு என்னவாகும், விடுதியையும் உணவகத்தையும் நடத்த யார் கட்டாயம் வரவேண்டும் என்பதெல்லாம் பனி விழுவதற்கு மாதங்களுக்கு முன்பே மாணவர் கையில் இருக்கும். அங்கே குளிர்காலம் தவறாமல் வரும் என்று தெரியும், அதனால் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழையும் அப்படித்தான். பனிக்கு அவர்கள் செய்கிற அளவு மழைக்கு நாம் செய்தால் போதும்.

நடுப்பகலில் மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் லேசாகத் தூறியது, வகுப்பு தொடங்கியது. பதினொன்றுக்குக் கொட்ட ஆரம்பித்தது. உடனே எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லி வாயிலைத் திறந்துவிடுகிறீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்குகிறார்கள். பேருந்து நகராது, ரயில் நின்று நின்று வரும். பெற்றோர் வேலைக்குப் போயிருப்பார்கள். உறுதியான கட்டடமும் கழிப்பறையும் குடிநீரும் ஜெனரேட்டரும் உங்களிடம் இருக்கின்றன. எங்கள் தெருவில் அவற்றில் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருங்கள். சாப்பாடு போடுங்கள். சாலை திறந்திருக்கிறது, ரயில் ஓடுகிறது என்று உறுதியான பிறகு, வழித்தடம் வழித்தடமாக உங்கள் பேருந்திலேயே அனுப்புங்கள். போக முடியாதவர்களுக்கு அன்று இரவு தங்க இடம் கொடுங்கள்.

விடுதிப் பிள்ளைகளையும் இதோடு சேர்த்தே யோசியுங்கள். கல்லூரி மூடிவிட்டது, ஊருக்குப் போங்கள் என்று அறையைக் காலி செய்யச் சொல்வது எளிது. மிக்ஜாம் முடிந்து இரண்டே வாரத்தில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், தென்மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். சென்னைக்கு வரவேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. உங்கள் விடுதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பிள்ளைகள் எத்தனை பேர்? புயல் நாளில் அவர்களுக்கு மிகப் பத்திரமான இடம் உங்கள் விடுதிதான். சமையல் எரிவாயு, குடிநீர், ஜெனரேட்டருக்கு டீசல், முதலுதவிக்கு ஒரு செவிலியர் இவையெல்லாம் அக்டோபருக்கு முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

அந்த விடுதியை நடத்துகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெஸ் சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், காவலாளி, பேருந்து ஓட்டுநர். கல்லூரிக்கு விடுமுறை என்று அறிவித்த பிறகும் இவர்கள் வரவேண்டியிருக்கிறது. இவர்களில் பலர் எங்களைவிடத் தாழ்வான தெருவில் குடியிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்கிறவருக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் அப்படித்தான். மாணவருக்கு விடுமுறை தரும்போது இவர்களுடைய அன்றைய கூலியையும் வெட்டாமல் கொடுங்கள். யார் கட்டாயம் வரவேண்டும் என்பதை முன்பே தீர்மானித்து, அவர்கள் வளாகத்திலேயே தங்க இடமும் கூடுதல் படியும் கொடுங்கள். மகளின் பாதுகாப்புக்காக எழுத உட்கார்ந்தவள் நான். அவளுக்குச் சோறு போடுகிற மெஸ் அம்மாவின் பாதுகாப்பை விட்டுவிட்டு அதைக் கேட்க எனக்கு மனம் இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன், உங்கள் ஒவ்வொரு நிறுவனமும் மழைக்காலக் கொள்கை ஒன்றை எழுதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையதளத்தில் போட்டு, பெற்றோருக்கும் அனுப்ப வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பாளரின் பதவி அதில் இருக்கட்டும். மறுநாள் பற்றிய முடிவை முந்தைய நாள் மாலை ஏழு மணிக்குள் சொல்லுங்கள். இரவில் நிலைமை மாறினால் முதல் பேருந்து ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன், ஐந்து மணிக்குள் சொல்லுங்கள். மாணவர்கள் அதிகம் வருகிற எந்த மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தாலும் மூடுங்கள். ஆரஞ்சு என்றால் வகுப்பு நடத்தலாம், ஆனால் தேர்வோ ஆய்வகத் தேர்வோ அன்று வேண்டாம், வராதவருக்கு ஆப்சென்ட்டும் வேண்டாம். ஆட்சியர் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை அறிவித்தாலும், அந்த மாவட்டத்திலிருந்து வருகிற உங்கள் மாணவருக்கு அது பொருந்தும் என்று எழுதுங்கள். வீட்டில் தண்ணீர் புகுந்த பிள்ளைக்குத் தண்ணீர் வடிந்து வீடு கழுவி முடிக்கிற வரை அவகாசம் கொடுங்கள். அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வாங்கிவரச் சொல்லாதீர்கள். அவரும் அன்று முழங்கால் தண்ணீரில்தான் நிற்பார்.

அண்ணா பல்கலைக்கழகத்தையும் சென்னைப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் தாமாகத் தேர்வைத் தள்ளிவைக்க முடியாது. உங்கள் ஒரு வார்த்தைக்காக அவை காத்திருக்கின்றன. நவம்பர் கடைசி வாரத்தையும் டிசம்பர் முதல் பாதியையும் கடலோர மாவட்டங்களின் தேர்வு அட்டவணையிலிருந்து விடுவிக்க முடியுமா என்று இந்த ஆண்டே உங்கள் கல்விக்குழுவில் எடுத்துப் பேசுங்கள். அது உடனே முடியாதென்றால், வெள்ளத்தால் ஒரு தாளைத் தவறவிட்டவர் அரியர் கணக்கில் சேராமல், அதே செமஸ்டரில் மறுபடி எழுத ஒரு நாள் ஒதுக்குங்கள். அதற்கு இந்த ஆண்டே ஆணை போட முடியும்.

முடிச்சூர், வரதராஜபுரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் பெற்றோர் சிலர் சேர்ந்து இந்த மடலின் படியை உங்கள் அலுவலகங்களில் நேரில் கொடுக்க வருகிறோம். செப்டம்பர் மாதத்துக்குள் ஒரு நாள், அரை மணி நேரம் எங்களுக்கு ஒதுக்குங்கள். எந்தத் தெருவில் எந்த ஏரியின் தண்ணீர், மழை நின்று எத்தனை மணி நேரத்தில் வரும் என்று எங்களால் சொல்ல முடியும். உங்கள் பேருந்து வழித்தடப் பட்டியலை எடுத்து வையுங்கள், எந்தெந்த நிறுத்தங்களை மாற்ற வேண்டும் என்று சேர்ந்து குறித்துவிடலாம்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவி ஒருத்தியின் தாய்,
முடிச்சூர்